நாரா, விதையா, பூவா? ஹெம்ப் பயிரிடும் முன் எடுக்க வேண்டிய முடிவு

ஹெம்ப் பயிரிடலாமா என்று கேட்பவர்கள் பலர், பயிரிடுவதென்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். எதற்காகப் பயிரிடுவது என்பதில்தான் தடுமாற்றம். நாருக்கா, விதைக்கா, இரண்டுக்குமா, சிபிடி என்ற போதை தராத வேதிப்பொருளை எடுக்கும் பூவுக்கா? ஒரே செடிதானே, விதைத்துவிட்டுச் சந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் பெரும் நஷ்டம் வருகிறது. வகை, விதை அளவு, இடைவெளி, அறுக்கும் நாள், அறுக்கும் எந்திரம், உலர்த்தும் இடம் எல்லாமே நோக்கத்துக்கு ஏற்ப மாறும். விதைப்பு முடிந்த அன்றே பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

இங்கே ஹெம்ப் என்பது, போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் குறைந்த கன்னாபிஸ் சட்டைவா (கஞ்சா இனம்) செடி. கோணிப்பைச் சணலும் சணப்பையும் வேறு செடிகள்; சணப்பையைப் பற்றிப் பின்னால் வருகிறது.

## தாண்ட வேண்டிய இரண்டு வாசல்கள்

முதல் வாசல் சட்டம். அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாததையே ஹெம்ப் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 0.2 சதவீதமாக இருந்த வரம்பை 2023 முதல் 0.3 ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் வரம்பு 1 சதவீதம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நார், விதை, தோட்டக்கலைப் பயன்பாடு ஆகியவற்றுக்கு மட்டும் அரசு அனுமதியுடன் பயிரிட இடம் தருகிறது. சில நாடுகளில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் குற்றம்தான். எழுத்தில் உரிமம் கையில் இல்லாமல் விதை வாங்கவே கூடாது. அந்த உரிமம் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் வரி விடாமல் படிக்க வேண்டும்; நாருக்கு வாங்கிய உரிமத்தில் பூ விற்க முடியாது.

இரண்டாவது வாசல் அட்சரேகை. ஹெம்ப் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பெரும்பாலான வகைகளில் பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பூக்கும் தூண்டுதல் தொடங்கிவிடும். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட வகையை நிலநடுக்கோட்டுக்கு அருகில் விதைத்தால், நாலைந்து வாரத்தில் முழங்கால் உயரத்திலேயே பூத்து நின்றுவிடும். அதன் பிறகு எவ்வளவு உரமிட்டாலும் தண்டு நீளாது. பகல் நீளம் குறைந்த பகுதிக்கு, சீனாவின் யுன்னானில் உருவான யுன்மா வகைகளைப் போல அத்தகைய சூழலில் தேர்ந்தெடுத்த வகைதான் வேண்டும். விளைச்சல் இல்லை என்று மண்ணையும் மழையையும் குறை சொல்லும் பல இடங்களில் உண்மையான காரணம் இந்தப் பொருந்தாமைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு வழிகளையும் கீழ்க்கண்ட அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்கலாம். முதல் இரண்டும் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானவை.

- வாங்குபவர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எந்த வடிவில் கேட்கிறார்.
- அறுக்கவும் உலர்த்தவும் தேவையான எந்திரமும் இடமும் அறுவடை நாளன்று கைவசம் இருக்குமா.
- டிஎச்சி வரம்பு மீறி முழு வயலும் அழிக்கப்படும் ஆபத்து எவ்வளவு.
- நிலம் எத்தனை நாள் கட்டுப்படும்; அடுத்த பயிருக்கு இடம் கிடைக்குமா.
- மண்ணில் கன உலோகங்கள் உண்டா. ஹெம்ப் காட்மியம், நிக்கல், ஈயம் போன்றவற்றை உறிஞ்சி எடுக்கும். கட்டுமானத்துக்குப் போகும் நாருக்கு இது அவ்வளவு பொருட்டல்ல. வாய்க்குள் போகும் விதைக்கும் பூச்சாற்றுக்கும் இது விற்பனையையே நிறுத்திவிடும்.
- ஹெம்புக்குச் சொல்லப்படும் சுற்றுச்சூழல் நன்மை இந்த வழியில் உண்மையிலேயே கிடைக்கிறதா.

கடைசி அளவுகோலை யாரும் சோதிப்பதில்லை. களைக்கொல்லி வேண்டாம், மண்ணை நிழலிட்டுக் காக்கும், கரியைச் (கார்பன்) சேமிக்கும் என்ற நற்பெயரெல்லாம் நெருக்கமாக விதைத்த நார்ப் பயிர் சம்பாதித்தது. அதை அப்படியே பூப்பயிருக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

| | நார் | விதை | இரண்டும் | பூ |
|---|---|---|---|---|
| விதை அளவு (ஹெக்டேருக்கு) | 50–80 கிலோ | 25–35 கிலோ | 30–50 கிலோ | 2,500–5,000 செடிகள் |
| வரிசை இடைவெளி | 8–20 செ.மீ. | 15–20 செ.மீ. | 15–20 செ.மீ. | 1–1.5 மீட்டர் |
| நிலத்தில் இருக்கும் காலம் | 70–90 நாள், பிறகு ஊறல் (நார் பிரிய, வெட்டிய தண்டை வயலில் பரப்பி வைப்பது) | 100–120 நாள் | 110–130 நாள், பிறகு ஊறல் | 100–130 நாள் |
| எதிர்பார்க்கக்கூடிய விளைச்சல் | 6–10 டன் உலர் தண்டு | 0.7–1.2 டன் | 0.5–1 டன் விதை, 4–6 டன் தண்டு | செடிக்குச் செடி மாறும் |
| டிஎச்சி மீறும் ஆபத்து | குறைவு | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | மிக அதிகம் |
| எதில் கவிழும் | ஆலைத் தூரம், ஊறல் | உலர்த்தத் தாமதம் | நாரின் தரம் | மகரந்தம், பரிசோதனை, விலைச் சரிவு |

காலமும் விளைச்சலும் வகைக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். பகல் நீளம் பொருந்தியிருக்கிறது என்ற கணக்கில்தான் இந்த எண்கள்.

## நாருக்காக

எட்டு டன் உலர் தண்டை நார் பிரிக்கும் எந்திரத்தில் விட்டால் ஏறத்தாழ இரண்டு டன் பட்டை நார் கிடைக்கும். நாலரை டன் அளவுக்கு உள்கட்டைச் சில்லு வரும். மீதி தூசி. அதாவது வயலிலிருந்து ஏற்றிச் செல்லும் சுமையில் முக்கால் பங்கு நாரே அல்ல. நார் விலையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு இங்கேயே உடைகிறது. சில்லுக்கு வாங்குபவர் இல்லாத ஆலை நீடிக்காது. அப்படிப்பட்ட ஆலையை நம்பி விதைத்தவரின் தண்டு வயலிலேயே கிடந்து மக்கும். ஆலையோடு பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சில்லு எங்கே போகிறது என்பதுதான். கால்நடைப் படுக்கைக்கா, சுண்ணாம்புக் கலவைச் சுவருக்கா?

தூரம் அடுத்த மறைவுச் செலவு. தண்டுக் கட்டு பருமன் அதிகம், எடை குறைவு. லாரி தன் எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று நடை போய்வர முடியாத தூரத்தில் ஆலை இருந்தால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெம்ப் பரப்பு 2015-இல் 20,540 ஹெக்டேராக இருந்து 2022-இல் 33,020 ஹெக்டேராக வளர்ந்தது. உற்பத்தியில் பாதிக்கு மேல் பிரான்சில்தான். அங்கே ஓப் பகுதியில் விவசாயிகளின் கூட்டுறவு ஆலை 1970-களிலிருந்து இயங்கிவருகிறது. ஆலையைச் சுற்றித்தான் நார்ப் பயிர் பரவுகிறது.

பயிர்ச் செய்கை சிரமமில்லை. மண் பொலபொலப்பாக, நீர் தேங்காமல் இருக்க வேண்டும். கார அமிலத் தன்மை 6 முதல் 7.5 வரை. விதையை 2 செ.மீ. ஆழத்துக்குக் கீழே தள்ளக் கூடாது. விதைத்த மறுநாள் பெருமழை பெய்து மேல் மண் இறுகினால் முளை வெளியே வராது. இறுகிய மண்ணில் ஆணிவேர் எல் வடிவில் மடங்கி, செடி குட்டையாகும். நைட்ரஜன் ஹெக்டேருக்கு 60 முதல் 120 கிலோ. அதற்கு மேல் போட்டால் தண்டு தடித்து, நார் பலமிழந்து, காற்றுக்குச் சாயும். நெருக்கமாக வளர்ந்தால் நாலைந்து வாரத்தில் நிலம் முழுக்க நிழலாகி, களை தானாக அடங்கிவிடும். முதல் மூன்று வாரம் மட்டும் களைக்கு முந்தியாக வேண்டும்.

ஆண் செடிகள் மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு வாரத் தாமதமும் நாரைக் கட்டையாக்கும். வெட்டுவதற்குக் கத்திரி போல இயங்கும் பட்டைக் கத்தி ஏற்றது. சுழலும் தட்டுக் கத்தியில் நார் சுற்றிக்கொண்டு எந்திரம் நின்றுவிடும்.

பிறகு வருவது ஊறல். நார்ப் பயிரின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான். வெட்டிய தண்டை வயலிலேயே மெல்லிய அடுக்காகப் பரப்பிவிட்டால், பனியும் லேசான மழையும் பட்டு, பூஞ்சையும் பாக்டீரியாவும் பட்டையை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைத் தின்னும். இரண்டு முதல் ஐந்து வாரம் ஆகும். பச்சை மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகிக் கரும்புள்ளிகள் தோன்றும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் அடிப்பக்கம் அழுகி, மேல்பக்கம் பச்சையாகவே நிற்கும். தண்டை மடித்துப் பாருங்கள்: உள்கட்டை சடசடவென்று உடைந்து, நார் ரிப்பன் போல உரிந்து வந்தால் போதும். ஊறல் குறைந்தால் நாரோடு கட்டைத் துணுக்கு ஒட்டிக்கொண்டே வரும். மிஞ்சினால் நார் கையிலேயே அறும். முழுக்கக் காய்ந்த வானிலையில் ஊறல் நடக்கவே நடக்காது. விடாத மழையில் கட்டவே முடியாது. தண்ணீரில் மூழ்கவைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சீரான, மெல்லிய நார் கிடைக்கும்; ஆனால் அந்த ஊறல் நீர் பிராணவாயுவை உறிஞ்சிக் குளத்து மீனைக் கொன்றுவிடும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி இல்லாதவர் அந்த வழியைத் தொடவே கூடாது.

ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கட்டும் கயிறு பிளாஸ்டிக்காக இருக்கவே கூடாது. அதன் இழை நாரோடு கலந்து நூற்பு வரை போய்ச் சேரும். ஆலை முழு லோடையும் திருப்பி அனுப்பிவிடும்.

கரிக் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலர் தண்டில் ஏறத்தாழ 45 சதவீதம் கரி. ஒரு டன் தண்டு சுமார் 1.65 டன் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. எட்டு டன்னுக்கு 13 டன். ஆனால் அது எத்தனை காலம் அங்கே இருக்கும் என்பதே கேள்வி. சில்லு சுவருக்குள் போனால் பல பத்தாண்டு. காகிதமாகவோ கால்நடைப் படுக்கையாகவோ போனால் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். சுண்ணாம்பைச் சுடுவதிலும் வாயு வெளியேறுகிறது, அதையும் கழிக்க வேண்டும். ஹெம்ப்–சுண்ணாம்புச் சுவர் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும்; கட்டடத்தின் பாரத்தைத் தாங்காது, தனியே சட்டகம் வேண்டும். இத்தனை கழித்த பிறகும் நீடித்த பொருளாதாரத்துக்கு நான்கு வழிகளில் அதிகம் தருவது நார்தான். ஆலை அருகில் இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள். ஆலை வரப்போகிறது என்ற அறிவிப்பை மட்டும் நம்பி விதைக்காதீர்கள்.

## விதைக்காக

முதல்முறை இறங்குபவருக்குப் பெரும்பாலும் இதுவே பாதுகாப்பான வழி. விதை கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும், தூரம் அனுப்பலாம், தானியத்துக்கு இருக்கும் எந்திரங்களே போதும். விதையில் 30 முதல் 35 சதவீதம் எண்ணெய், ஏறத்தாழ கால் பங்கு புரதம். செக்கில் ஆட்டினால் எண்ணெய், மிச்சப் பிண்ணாக்கில் புரதமாவு. ஃபினோலா போன்ற குட்டை வகைகள் ஒன்றரை மீட்டரைத் தொட்டு நின்றுவிடுவதால் அறுவடை எளிது.

விதை அளவைப் பொத்தாம்பொதுவாகப் போடாமல் இப்படிக் கணக்கிடுங்கள்: சதுர மீட்டருக்கு வேண்டிய செடிகளை ஆயிரம் விதையின் கிராம் எடையால் பெருக்கி, பிழைத்து வளரும் சதவீதத்தால் வகுத்தால் ஹெக்டேருக்குக் கிலோ கிடைக்கும். 120 செடி, 18 கிராம், 70 சதவீதம் என்றால் 120 × 18 ÷ 70, சுமார் 31 கிலோ. ஹெம்ப் விதை பழையதானால் முளைப்புத்திறன் சட்டென்று விழும். சென்ற ஆண்டு மிச்சத்தை முளைப்புச் சோதனை செய்யாமல் விதைத்தால் இந்தக் கணக்கு பயன்படாது.

விதைப் பயிர் கெடுவது அறுவடைக்குப் பிந்தைய சில மணி நேரத்தில். நுனியில் பூத்துக்கொண்டிருக்கும்போதே கீழே விதை முற்றிவிடும், ஒன்றாகப் பழுக்காது. 70 முதல் 80 சதவீதம் விதை முற்றி, ஈரம் 15 முதல் 20 சதவீதம் இருக்கும்போதே அறுக்க வேண்டும். முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் விதை உதிரும், பறவைக் கூட்டம் இறங்கும், தண்டு நார் முற்றி எந்திரத்தைச் சிறைபிடிக்கும். அவ்வளவு ஈரத்தோடு வண்டியில் குவித்த விதை மூன்று நான்கு மணி நேரத்தில் சூடேறிவிடும். அன்றிரவே காற்றுச் செலுத்தி, 8 முதல் 9 சதவீதத்துக்கு இறக்கியாக வேண்டும். உலர்த்தி இல்லாமல் விதைக்காகப் பயிரிடுவது சரியல்ல. இந்த வழியின் மறைவுச் செலவே அதுதான்.

அறுவடை எந்திரத்தை உயர்த்தி, கதிர்ப்பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். எந்திரத்தின் சுழலும் அச்சுகளில் சுற்றிய நார் உராய்ந்து தீப்பிடிக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டும், தீயணைப்பான் வண்டியிலேயே இருக்க வேண்டும். திருகுக் குழாயில் வேகமாக ஏற்றினால் ஓடு விரிந்து எண்ணெய் சிக்குவாடை அடிக்கும்; பெல்ட்டில் ஏற்றுவது நல்லது. பயிர்ச்சுழற்சியில் சூரியகாந்தி, கடுகு, பீன்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்து வைக்காதீர்கள். ஸ்கிளிரோட்டினியா பூஞ்சை அங்கிருந்து இதற்குத் தாவும்.

## இரண்டும் ஒரே வயலில்

காகிதத்தில் மிக அழகாகத் தெரியும் வழி. கதிரை உயரத்தில் அறுத்து விதை எடு, நிற்கும் தண்டைப் பிறகு வெட்டி நார் எடு. ஃபெடோரா 17, ஃபெலினா 32, ஃப்யூச்சுரா 75 போன்ற, ஆண் பெண் பூக்கள் ஒரே செடியில் வரும் வகைகள் இதற்குப் பயன்படுகின்றன.

ஆனால் விதை முற்றும் நாள், நார் உச்சத் தரத்தில் இருக்கும் நாளுக்கு ஐந்தாறு வாரம் பிந்தியது. அதற்குள் நார் முரடாகி, கட்டைத்தன்மை ஏறிவிடும். அதை நூலாக நூற்க முடியாது. காகிதக் கூழுக்கும் வெப்பத்தடுப்புப் பாய்க்கும் சுவர்ச் சில்லுக்கும் போகும். இரண்டு அறுவடை, இரண்டு எந்திரம், இரண்டு வாங்குபவர் என்று செலவும் இரட்டிக்கும். ஊறல் பருவக் கடைசிக்குத் தள்ளிப்போவதால் அடுத்த பயிர் தவறும். ஆலை கட்டுமானப் பொருளுக்கு வாங்குவதாக இருந்து, விதை வாங்குபவரும் உறுதியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். துணிக்கு நார் கேட்கும் ஆலைக்கு இதைக் கொண்டு போகாதீர்கள்.

## பூவுக்காக

ஹெக்டேருக்கு அதிக வருமானம் தரும் என்று சொல்லப்படுவதும், அதிகம் பேர் பணத்தை இழந்ததும் இதில்தான். அமெரிக்காவில் 2018 சட்டத்துக்குப் பிறகு 2019-இல் ஏராளமானோர் சிபிடிக்காக நட்டார்கள். வாங்கும் திறனைவிட விளைச்சல் பலமடங்கு பெருகி விலை சரிந்தது. விற்காத பூ கிடங்குகளில் தேங்கியது.

வேதியியலே இங்கே ஒரு சுவர். பெரும்பாலான சிபிடி வகைகளில் சிபிடிக்கும் டிஎச்சிக்கும் விகிதம் ஏறத்தாழ 20 முதல் 30-க்கு 1. இரண்டும் சேர்ந்தே ஏறும். 25-க்கு 1 என்று வைத்தால், டிஎச்சி 0.3-ஐத் தொடும்போது சிபிடி 7.5 சதவீதம். அதற்கு மேல் சிபிடி தரும் விதை என்று விற்பனையாளர் சொன்னால், எந்த விகிதத்தில் என்று ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். மொத்த டிஎச்சி என்பது, போதை தரும் நேரடி வடிவமான டெல்டா-9 டிஎச்சியோடு, அதன் அமில வடிவத்தை 0.877-ஆல் பெருக்கிக் கூட்டிய தொகை. டெல்டா-9 மட்டும் காட்டும் அறிக்கையை நம்பக் கூடாது. அமெரிக்க விதிப்படி மாதிரி எடுத்த 30 நாளுக்குள் அறுவடை முடிய வேண்டும். பூ முற்ற முற்ற எண் ஏறுவதால், மூன்றாவது வாரப் பூவிலிருந்தே வாரம் ஒருமுறை சொந்தச் செலவில் பரிசோதிப்பது கட்டாயம்.

மகரந்தம் இன்னொரு எதிரி. கருவுற்ற பெண் பூ விதையில் சத்தைச் செலவழித்து, சிபிடி சரிந்துவிடும். காற்றில் மகரந்தம் பல கிலோமீட்டர் போகும். அண்டை வயலில் நார் அல்லது விதை ஹெம்ப் இருந்தால் பூப்பயிர் வேண்டாம். பெண் செடி மட்டும் தரும் விதை என்று வாங்கினாலும் சில ஆண் செடிகள் தலைகாட்டும். பூக்கும் காலத்தில் தினமும் வரிசைவரிசையாக நடந்து பிடுங்க ஆள் வேண்டும்.

உலர்த்துவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 4,000 செடி, செடிக்கு அரை கிலோ உலர் பூ என்றால் இரண்டு டன். பச்சையில் அது எட்டு டன்னுக்கு மேல். ஆறு டன் நீரைச் சில நாளில் வெளியேற்ற வேண்டும். ஈரக்காற்றுள்ள இடத்தில் தாமதித்தால் சாம்பல் பூஞ்சை கொத்தின் நடுவிலிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். இதற்கு ஆகும் மின்சாரம், வரிசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக், அகன்ற இடைவெளியில் எடுக்க வேண்டிய களை எல்லாம் சேர்த்தால் இதைச் சூழலுக்கு உகந்த பயிர் என்று சொல்வதற்கு இடமே இல்லை. பிரித்தெடுக்கும் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம், சொந்த உலர்த்துமிடம், சிறிய பரப்பு, ஒரு பருவ முதலை முழுக்க இழந்தாலும் தாங்கும் நிலை ஆகிய நான்கும் இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

## உரிமம் கிடைக்காவிட்டால்

நார்ப் பயிர்தான் வேண்டும், ஹெம்புக்கு அனுமதி இல்லை என்றால் சணப்பை அருமையான மாற்று. அவரைக் குடும்பம் என்பதால் நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்தும், வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கும், உரிமம் தேவையில்லை. அதன் விதையில் கால்நடைக்கு ஆகாத நச்சு உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காகிதக் கூழுக்கும் பலகைக்கும் என்றால் கெனாஃப் எனப்படும் புளிச்சை நாரையும் பாருங்கள்.

## முதல் பருவத்தில்

முழு நிலத்தையும் இறக்காமல், மூன்று வகைகளைச் சிறு பாத்திகளில், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை விதைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முளைத்த நாள், முதல் பூ தெரிந்த நாள், அப்போதிருந்த உயரம், டிஎச்சி ஆகிய நான்கையும் குறியுங்கள். நாருக்கு என்றால் ஒன்றரை மீட்டருக்குக் கீழே பூத்த வகையை அந்த விதைப்பு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். எஞ்சியதில் ஒரு கட்டு தண்டையோ ஒரு கிலோ விதையையோ வாங்குபவரிடம் கொண்டுபோய், தரத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த பருவத்துக்கு விதை ஆர்டர் கொடுங்கள்.